எழுந்து நிற்கச் சொன்னதில் என்ன குற்றம் என்று கேட்பவர்களுக்கு

ஒரு கல்லூரியின் வரவேற்பு விழாவில், முதல் பட்டதாரிச் சலுகையில், அதாவது வீட்டிலேயே முதலில் பட்டம் படிக்க வருகிறவர்களுக்கு அரசு தரும் கட்டணக் கழிவில் சேர்ந்த பிள்ளைகளை மேடையிலிருந்து எழுந்து நிற்கச் சொன்ன அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டார்கள். கல்லூரித் தரப்பிலும் ஒரு விளக்கம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நேற்று என் நட்புப் பட்டியலிலேயே இருக்கும் ஒரு பேராசிரியர், "எழுந்து நிற்கச் சொன்னதில் என்ன குற்றம்? கைதட்டத்தானே சொன்னார்?" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வந்து விழுந்த விருப்பக்குறிகளைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கல்லூரிக்கு வந்த முதல் நாள். பெற்றோர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "முதல் பட்டதாரிச் சலுகையில் வந்தவர்கள் எழுந்திருங்கள்" என்கிறார் மேடையில் இருப்பவர். பிள்ளைகள் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே எழுகிறார்கள். அரசாங்கம் உங்களைப் படிக்கவைக்கிறது, அந்த நன்றியோடு படியுங்கள் என்று அறிவுரை. உட்கார்ந்திருந்த மற்றவர்களிடம் யாரும் நன்றி கேட்கவில்லை. பிறகு கைதட்டல். அந்தக் கைதட்டல் முடியும்போது, யார் யார் சலுகையில் வந்தவர்கள் என்று அரங்கம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இதுதான் குற்றம்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. எழுந்து நிற்க வைத்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்காக அந்தக் கல்லூரி என்ன செய்யப்போகிறது என்று அவர் ஒரு வாக்கியம்கூடச் சொல்லவில்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்வதோடு கல்லூரியின் கடமை முடியவில்லை. சேர்ந்த நாளிலிருந்துதான் அது தொடங்குகிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

சேர்க்கை வரைக்கும் தமிழ்நாடு நிறையவே செய்திருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். 2007-08 கல்வியாண்டிலிருந்து பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. 2010இல் முதல் பட்டதாரிச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். 2021-22ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் உயர்கல்வி ஆய்வின்படி, கல்லூரி வயதுப் பிள்ளைகளில் உயர்கல்வியில் சேர்பவர்களின் விகிதம் நாடு முழுவதும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்த இடத்துக்கு நாம் சும்மா வந்துவிடவில்லை.

ஆனால் சேர்ந்த பிறகு? அங்கேதான் எல்லாரும் கைகழுவிவிடுகிறார்கள்.

என் கதையையே சொல்கிறேன். இரண்டாம் பருவத்தில் ஒரு தாளில் தேர்ச்சி இல்லை என்று முடிவு வந்தது. நன்றாக எழுதிய தாள். என்னோடு அதே தாளில் தவறிய வகுப்புத் தோழனின் அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளர். அன்று இரவே அவர் மகனிடம் போனில் சொல்லிவிட்டார்: முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பி, நகலைப் பாடம் நடத்தும் ஆசிரியரிடம் காட்டு, அவர் பார்த்துச் சொன்னால் மறுமதிப்பீட்டுக்குப் போ, கடைசித் தேதியை விட்டுவிடாதே. அவன் அப்படியே செய்தான், தேர்ச்சி பெற்றான். என் அப்பாவும் அன்று இரவு போனில் பேசினார். "பரவாயில்லடா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார். அவரால் சொல்ல முடிந்தது அதுதான். நகல் வாங்கலாம் என்பதே எனக்குத் தெரிந்தபோது தேதி முடிந்திருந்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்களாம், ஆங்கிலத்தில், அரைப் பக்கத்தில். அந்த அரியர் என் மதிப்பெண் பட்டியலில் இன்னும் இருக்கிறது. வளாக நேர்காணலுக்கு வந்த முதல் நிறுவனமே "அரியர் வைத்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்" என்றுதான் ஆரம்பித்தது.

பாலிடெக்னிக் முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் வருகிறவர்களின் பாடு இன்னும் மோசம். என் விடுதி அறைத் தோழன் அப்படி வந்தவன்தான். பட்டறையில் அவன் கை பேசும். லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் வேலைத்துண்டைப் பிடித்துக்கொள்ளும் நான்கு தாடை சக்கில் அதை மையப்படுத்த நாங்கள் அரை மணி நேரம் போராடுவோம். அவன் லேத்தை மெதுவாகச் சுழலவிட்டு, சாக்பீஸ் உரசும் பக்கத்தைப் பார்த்து, எதிர்த் தாடையைத் தளர்த்தி இதை இறுக்கி, சட்டென்று முடித்துவிடுவான். பட்டறைப் பயிற்றுநரே எங்களை அவனிடம் கற்றுக்கொள்ளச் சொல்வார். அப்படிப்பட்டவனை மூன்றாம் பருவத்தில் ஃபூரியே தொடரிலும் பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டிலும் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். முதலாண்டில் நாங்கள் படித்த இரண்டு கணிதத் தாள்களும் அவனுக்குக் கிடையாது. நடுவில் என்ன விட்டுப்போயிற்று என்று சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு வைத்தார்களா? இல்லை. "டிப்ளமோ பசங்களுக்குக் கணக்கு வராது" என்று வகுப்பிலேயே ஒருவர் சொன்னார். அவன் அதற்குப் பிறகு கணித வகுப்பில் கடைசி பெஞ்சை விட்டு எழவே இல்லை.

இப்போது ஒரு குரல் வரும், எனக்குத் தெரியும். "தாங்க முடியாதவர்கள் ஏன் பொறியியலுக்கு வருகிறீர்கள்? கையைப் பிடித்து நடத்தினால் தரம் என்ன ஆவது?" பட்டதாரி வீட்டுப் பிள்ளையை யாருமே கையைப் பிடித்து நடத்தவில்லையா? எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, எந்த விருப்பப்பாடம், யாருக்குக் கடிதம் எழுத வேண்டும், துறைத் தலைவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பிறந்ததிலிருந்தே சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இருந்தது. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் மருத்துவச் சான்றிதழை எப்போது கொடுக்க வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். அதனால் உங்கள் தரம் குறைந்துவிட்டதா? உங்களுக்கு வீட்டில் கிடைத்தது எங்களுக்குக் கல்லூரியில் கிடைக்க வேண்டும் என்கிறோம். அதற்கு மேல் ஒரு மதிப்பெண்கூட நாங்கள் கேட்கவில்லை. அதே விடைத்தாள், அதே திருத்தம், அதே பட்டம்.

அமெரிக்காவில் 1960களிலிருந்தே இதற்கென்று மத்திய அரசுத் திட்டங்கள் உண்டு. ட்ரையோ என்று பெயர். முதல் தலைமுறை மாணவர்களுக்கும் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாட உதவி, ஆலோசனை, இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாற வழிகாட்டுதல் எல்லாம் அதில் வரும். அங்கே இதனால் பல்கலைக்கழகங்கள் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை.

"முதல் பட்டதாரிச் சலுகைக்கு வருமான வரம்பே இல்லை, நிலபுலம் வைத்திருப்பவர்களும் வாங்குகிறார்கள்" என்றும் சிலர் வருவார்கள். வாங்கட்டும். நான் பேசுவது பணத்தைப் பற்றி அல்ல. தோட்டம் இருக்கிற வீட்டிலும் மறுமதிப்பீடு என்றால் என்ன என்று தெரிந்திருக்காது.

பணத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதையும் பேசுகிறேன். மேடையில் இருந்தவர் எதற்காக நன்றி கேட்டாரோ அந்தச் சலுகை கல்விக் கட்டணத்தில் ஒரு கழிவு. விடுதி, மெஸ், பஸ் எதுவும் அதில் வராது. அதை வாங்க என் அப்பா கூலியை விட்டுவிட்டு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று அலைந்தார். தாத்தா பாட்டி வரைக்கும் யாரும் பட்டதாரி இல்லை என்று கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி. இத்தனை தலைமுறையாக எங்களைப் படிக்கவிடாமல் வைத்திருந்தது யார் என்று அந்தப் படிவம் கேட்கவில்லை. நன்றி மட்டும் எங்களிடம் கேட்கிறார்கள்.

அந்தப் படிவத்தால் என் தங்கைக்கு என்ன ஆயிற்று என்று இதுவரை நான் பொதுவில் எழுதியதில்லை. அவளுடைய கட்-ஆஃப் என்னுடையதைவிட அதிகம். கலந்தாய்வில் நல்ல கல்லூரியே கிடைத்திருக்கும். ஆனால் ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் சலுகை. நான் அப்போது மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன், பட்டம் வாங்கவில்லை, வீட்டில் வருமானம் ஒரு ரூபாய் கூடவில்லை. ஆனாலும் அவள் முதல் பட்டதாரி இல்லை என்றார்கள். முழுக் கட்டணம் கட்ட வழியில்லாமல் அரசு கலைக் கல்லூரியில் கணிதம் சேர்ந்தாள். இன்று தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறாள், நன்றாகவே நடத்துகிறாள். ஆனால் அவள் சேர ஆசைப்பட்டது மின்னியல். எங்கள் வீட்டுக்கு நான் ஒருவன் போதும் என்று முடிவெடுத்தது எங்கள் வீடு அல்ல.

பேராசிரியர் ஐயா, உங்களிடம் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. உங்கள் துறையிலும் இந்த ஆண்டு இப்படி வந்த பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை யாருக்கும் தெரியாமல் ஒரு மூத்த மாணவரோடு சேர்த்துவிடுங்கள். நேரடி இரண்டாம் ஆண்டில் வந்தவர்களுக்கு முதல் மாதத்திலேயே விட்டுப்போன கணிதத்தை மாலையில் நடத்துங்கள். மறுமதிப்பீடு, வருகைப்பதிவு, உதவித்தொகை விதிகளைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். ஒரு வீட்டுக்கு ஒருவர் என்ற விதியை மாற்றச் சொல்லி உங்கள் ஆசிரியர் சங்கத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். இவற்றைச் செய்துவிட்டுக் கைதட்டச் சொல்லுங்கள், நானும் வந்து தட்டுகிறேன்.

இந்த ஆண்டு சேர்ந்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், எந்தச் சந்தேகமானாலும் உள்பெட்டியில் கேளுங்கள். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் பதில் எழுதுவேன். தெரியாததைக் கேட்கத் தயங்காதீர்கள். தேதி முடிவதற்குள் கேளுங்கள்.