தரையில் பதித்த திருகைக் கற்கள்

இடைக்கால ஐரோப்பாவில் திருச்சபைக்கு இருந்த அதிகாரம் என்று பேச்சை எடுத்தாலே எல்லோரும் நேராக இத்தாலியின் கனோசாவுக்குப் போய்விடுகிறார்கள். 1077 ஜனவரிப் பனியில் ஜெர்மானிய மன்னன் நான்காம் ஹென்றி, போப் ஏழாம் கிரகோரி தங்கியிருந்த கோட்டை வாசலில் மூன்று நாள் நின்று மன்னிப்புக் கேட்ட கதை. நல்ல கதைதான். ஆனால் ஏழே வருடத்தில் அதே ஹென்றி படையோடு வந்து ரோமைப் பிடித்தான். கிரகோரி அடுத்த வருடம் ஊரை இழந்து சலேர்னோவில் செத்தார். பெரிய இடத்துச் சண்டை, இன்று இவர் கை ஓங்கும், நாளை அவர் கை ஓங்கும். சாமானியனுக்கு அதில் என்ன?

என்னைக் கேட்டால் அந்த அதிகாரத்தைப் பார்க்க வேண்டிய இடம் லண்டனுக்கு வடக்கே இருக்கும் செயின்ட் ஆல்பன்ஸ். அங்கே துறவு மடம்தான் ஊருக்கே நிலப்பிரபு. தானியத்தை மடத்து ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைத்ததில் ஒரு பங்கு மடத்துக்கு. வீட்டில் சொந்தமாகத் திருகை வைத்து அரைப்பது குற்றம். சனங்கள் சும்மா இருப்பார்களா? ஒளித்து வைத்து அரைத்தார்கள். இந்த வழக்கு தலைமுறை தலைமுறையாக ஓடியது.

1327இல் மடாதிபதியாக வந்தவர் வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு. கொல்லன் மகன். ஆக்ஸ்போர்டில் படித்த கணித மேதை. சூரியன், சந்திரன் ஓட்டத்தையும் கிரகணத்தையும் காட்டும் ஒரு பிரம்மாண்டமான கடிகாரத்தை மடத்துக்காக வடிவமைத்தவர். தொழுநோயோடு போராடிக்கொண்டே இதையெல்லாம் செய்தார். மூடத்தனம் பிடித்த இருண்ட காலத்துச் சாமியார் என்று இவரை ஒதுக்கவே முடியாது. இவர்தான் வீடு வீடாகத் திருகைகளைப் பறிமுதல் செய்ய வைத்தார். அதோடு விடவில்லை. அந்தக் கற்களைக் கொண்டு மடத்துக்குள் தரை போட்டார்.

இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் பாட்டியின் திருகைதான் நினைவுக்கு வந்தது. உளுந்து உடைக்கும்போது அது போடும் கரகர சத்தம். அதை ஒருவன் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு முற்றத்தில் பதித்து, தினமும் மிதித்து நடக்கிறான் என்றால் எப்படி இருக்கும்?

"மதம் மக்களின் மூளையை மழுங்கடித்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோமே, அதில் எனக்கு உடன்பாடில்லை. மூளை மழுங்கவில்லை, அடுப்பு கைவிட்டுப் போயிருந்தது. விளைச்சலில் பத்தில் ஒன்று தசமபாகமாகக் கோவிலுக்கு. பண்ணையாள் இறந்தால் வீட்டிலிருக்கும் சிறந்த மாடு நிலப்பிரபுவுக்கு, அதற்கு அடுத்த மாடு பல இடங்களில் பங்குச் சாமியாருக்கு. மடமே நிலப்பிரபுவாக இருந்த ஊரில் வரி கேட்பவரும் பாவமன்னிப்புத் தருபவரும் ஒரே தரப்பு. யாரிடம் போய் யாரைப் பற்றி முறையிடுவது?

சரி, 1381க்கு வருவோம். 15 வயதைத் தாண்டிய ஆண், பெண் எல்லோருக்கும் தலைக்கு 12 பென்ஸ் சராசரி வரி. நாடு கொதித்தது. ஊர் ஊராகப் போய்ச் சமத்துவம் பேசியவர் ஜான் பால், அவரும் ஒரு பாதிரியார்தான். ஜூன் 14 அன்று கலகக்காரர்கள் லண்டனில் சைமன் சட்பரியின் தலையை வெட்டினார்கள். அவர் கேன்டர்பரி பேராயர், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர்; மன்னனின் உயர் அமைச்சரான சான்சலரும் அவரே. ஒரே ஆளை வெட்டியதில் சபையும் அரசும் சேர்ந்து வெட்டுப்பட்டன.

மறுநாள் செயின்ட் ஆல்பன்ஸ் சனம் வில்லியம் கிரிண்டிகாப் தலைமையில் மடத்துக்குள் நுழைந்தது. (அவர்கள் பக்கம் நின்ற முக்கியமானவர்களில் ஒருவர் பெயரும் வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு! மடாதிபதி இறந்து 45 வருடம் ஆகியிருந்தது, இவர் வேறு ஆள்.) அந்தத் தரையைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்து, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆசீர்வதித்த அப்பத்தைப் பங்கிடுவதுபோல ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துக்கொண்டார்கள். இதை எழுதி வைத்தவர் அதே மடத்துத் துறவி தாமஸ் வால்சிங்கம். கலகக்காரர்களைக் கண்டாலே ஆகாது அவருக்கு. ஆனாலும் அந்தக் காட்சியை அவரால் விட முடியவில்லை பாருங்கள்.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அந்த அப்பத்தைத்தான். கடவுளை மறுத்தவர்கள் இல்லை அவர்கள். பங்கிட்டு உண்பது என்று கோவிலில் கற்ற சடங்கையே எடுத்து மடத்துக்கு எதிராக நடத்திக் காட்டினார்கள். உடைந்த கல்லில் இனி மாவு அரைக்க முடியாது. அது தெரிந்துதான் பங்கு போட்டார்கள்.

அப்போதைய மடாதிபதியிடம் ஊரார் எழுதி வாங்கிய உரிமைச் சாசனம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கிரிண்டிகாப்பைப் பிடித்து, ஊரைப் பணிய வை, பிழைத்துப் போவாய் என்று ஜாமீனில் அனுப்பினார்கள். அவர் வந்து, என் உயிருக்காக நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள் என்றார். ஜூலையில் 14 வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்டு நேரில் வந்தான். ஜான் பாலுக்கும் கிரிண்டிகாப்புக்கும் அங்கேயே தூக்கு. கிரிண்டிகாப்பும் அவரோடு தூக்கிலிடப்பட்ட ஊர்க்காரர்களும் தொங்க, அந்த உடல்களை ஊரார் இறக்கிப் புதைத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் அரசாணை வந்தது: தோண்டி எடுங்கள், சங்கிலியில் கட்டி மறுபடி தொங்கவிடுங்கள். அழுகத் தொடங்கியிருந்த அந்த உடல்களை அதே ஊர்க்காரர்களே தங்கள் கையால் தூக்கிக் கட்டினார்கள்.