அந்த 21 நாள் எங்கிருந்து வந்தது?
‘கண்ணாடி முன் “என்னால் முடியும்” என்று 21 நாள் சொன்னால் தாழ்வு மனப்பான்மை ஓடிவிடும், இது அறிவியல்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அண்ணாச்சி. அந்த 21, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960இல் எழுதியது. அறுவைக்குப் பின் புது முகம் பழகக் குறைந்தது அத்தனை நாள் ஆகும் என்றார்; அது அவர் கவனித்துச் சொன்னது, சோதனையில் நிறுவியதல்ல. 2009இல் வெளியான கனடா ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னதில் மனம் சோர்ந்ததுதான் மிச்சம். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கைக்குச் செய்து பார்த்து வெற்றி காண்பதே வலுவான ஊற்று என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இலேயே சொல்லிவிட்டார்.

குறுக்குத்துறையில் மாமா என் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டித் தாமிரபரணியில் இறக்கினார். ஒருநாள் குடுக்கை கழன்று மிதந்து போனதைப் படித்துறை ஏறிய பிறகுதான் கவனித்தேன். ‘எனக்கு நீச்சல் வராது’ என்று அதுவரை வீடெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.