வெயிட் தூக்கினால் போதும், நடை எதற்கு?

காரைக்குடியில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஜிம். போன வருடம் நானும் சேர்ந்தேன். வயது 46, அப்பா வழியிலும் அம்மா வழியிலும் சர்க்கரை. "அண்ணே, வெயிட் தூக்குனாலே கார்டியோவும், அதான் நெஞ்சுக்கும் மூச்சுக்குமான பயிற்சியும், சேர்ந்து வந்துரும். நடக்குற நேரத்தையும் இங்கயே போடுங்க" என்றார் பயிற்சி கொடுக்கும் தம்பி. விடிகாலையில் எழுந்து நடப்பதைவிட இது வசதியாக இருந்ததால் உடனே நம்பிவிட்டேன்.

எட்டு மாதத்தில் டெட்லிஃப்ட், அதாவது தரையிலிருந்து இடுப்புவரை தூக்கும் பளு, 90 கிலோ. பழைய சட்டையெல்லாம் தோளில் பிடித்தது. அந்தத் தெம்பில், தைப்பூசத்துக்குப் பழநி நடைப்பயணம் கிளம்பிய சித்தப்பாவோடு குன்றக்குடி வரை போய் மலையேறிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்று புறப்பட்டேன். அவருக்கு 67. ஜிம் வாசலை மிதித்ததில்லை. பேத்தி கல்யாணத்துக்குச் சமையல்காரரிடம் பேரம் பேசிய கதையை ஒரு வரி விடாமல் சொல்லிக்கொண்டே படியேறுகிறார். எனக்கோ "ம்" கொட்டக்கூட மூச்சில்லை. இத்தனைக்கும் கால் வலிக்கவே இல்லை. தொடை ஏறத் தயார், நெஞ்சுதான் நில்லு என்றது.

அப்புறம் ஒரு நாள் ஜிம்மில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு செட், அதாவது நிறுத்தாமல் தூக்கி இறக்கும் ஒரு சுற்று, சுமார் 40 வினாடி. மொத்தம் 18 செட். கூட்டினால் 12 நிமிடம்! மீதியெல்லாம் மொபைலும் அரட்டையும்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குதே, அது கார்டியோ இல்லையா?" என்பார்கள். அடிக்கும், ஆனால் காரணம் வேறு. கனமான பளுவைத் தூக்கும்போது இறுகிய தசை ரத்தக்குழாய்களை நெரிக்கிறது, மூச்சையும் அடக்குகிறோம், ரத்த அழுத்தம் எகிறுகிறது. இதயம் அந்த அழுத்தத்தோடு மல்லுக்கட்டுகிறது. வேக நடையில் கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். இதயம் நன்றாக நிரம்பி நன்றாகத் தள்ளும். மாதக்கணக்கில் இப்படிப் பழகினால் ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் கூடும், தசைக்குள் நுண்குழாய்கள் பெருகும். லேசான எடையில், ஓய்வைக் குறைத்து, ஒரு பயிற்சி முடிந்ததும் அடுத்ததுக்குத் தாவும் சர்க்யூட் போட்டால் இதில் கொஞ்சம் கிடைக்கும்தான். நம்மில் எத்தனை பேர் அப்படிப் போடுகிறோம்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி.

அதற்காக, நடையே போதும் என்கிற கூட்டத்தோடும் எனக்கு ஒத்துவராது. அப்பத்தா கடைசிவரை கோயிலுக்கு நடந்துதான் போனார். ஆனால் வளவில் தரையில் உட்கார்ந்தால், தூணைப் பிடிக்காமல் எழ முடியாது. மூச்சுக்குக் குறையில்லை, தொடையில்தான் சதையில்லை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வதும் அந்தச் சதைதான். கந்தரப்பமும் சீயமும் தின்கிற ஊரில் அதைக் கரையவிடலாமா?

இப்போது வாரம் 3 நாள் ஜிம், 4 நாள் 40 நிமிட வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுதான் நான் வைத்திருக்கும் வேக அளவு. "நடந்தா தூக்குற வெயிட்டு இறங்கிரும்ணே" என்று தம்பி பயமுறுத்தினார். டெட்லிஃப்ட் இப்போது 95. சித்தப்பாவைத்தான் இன்னும் பிடிக்க முடியவில்லை.