வீட்டுக்கல்வி தொடங்குகிறீர்களா? புத்தகம் வாங்குவதற்கு முன்னால் கிழமையைக் குறியுங்கள்

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று முடிவெடுத்த குடும்பங்கள் முதல் வாரத்தில் செய்வது பெரும்பாலும் ஒரே காரியம்தான்: பாடப்பொருள் வாங்குவது. எந்தப் பாடத்திட்டம், எந்தக் கணக்குப் புத்தகம், மேசையை எந்த மூலையில் போடுவது, சுவரில் எந்த வரைபடத்தை மாட்டுவது என்று நாள் ஓடிவிடும். ஆறு மாதம் கழித்து அதே குடும்பங்கள் தடுமாறி நிற்பது கணக்கிலோ அறிவியலிலோ இல்லை. வாராவாரம் பார்க்கிற சிநேகிதர் பிள்ளைக்கு இல்லை, மனம்விட்டுப் பேச ஆள் பெற்றவர்களுக்கு இல்லை. அங்கேதான் உடைகிறது. அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கல்வியில் பாடம் இரண்டாவது வேலை. வாரத்தில் இரண்டு நாள், ஒரே இடம், ஒரே நேரம், ஒரே முகங்கள். இதை அமைப்பதுதான் முதல் வேலை.

"அப்போ பிள்ளை நாலு பேரோட எப்படிப் பழகும்?" என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஹோம்ஸ்கூலிங், அதாவது வீட்டுக்கல்வி, செய்பவர்கள் பலருக்கு இந்தக் கேள்வியே எரிச்சல். "பள்ளிக்கூடத்துல மட்டும் பேச விடறாங்களா" என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேள்வி சரியான கேள்வி. பள்ளிக்கூடம் ஒரு காரியத்தை யாரும் கேட்காமலேயே செய்துகொடுக்கிறது: அதே பிள்ளைகளை அதே அறையில் தினமும் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. பார்த்த முகத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்பதில்தான் பழக்கம் பிறக்கிறது. பள்ளியை விட்ட மறுநாளே அந்த ஏற்பாடு நின்றுபோகும். அதற்கு ஈடாக ஒன்றை நாம்தான் கட்ட வேண்டும், தானாக அமையாது. 1977-ல் கல்வி எழுத்தாளர் ஜான் ஹோல்ட் அமெரிக்காவில் வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்காக ஓர் இதழ் தொடங்கியபோது, அதில் பாடம் பற்றிய கடிதங்களோடு குடும்பங்களின் முகவரிப் பட்டியலும் அச்சானது. ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பதே பெரிய வேலை என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாறச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நண்பராக 90 மணி, நெருங்கிய நண்பராக 200 மணிக்கும் மேல் என்று வந்தது. அது பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வு, பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனாலும் அந்த 50 மணியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் சந்திக்கும் குழு என்றால் அதை எட்ட இரண்டு வருஷம் தாண்டிவிடும். வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம் என்றால் நாலு மாதம். வாரம் இரண்டு முறை என்றால் இரண்டே மாதம். மாதாந்திரச் சுற்றுலாவும் எப்போதாவது ஒரு அருங்காட்சியகமும் போய்வந்து "எங்க பிள்ளைக்கு இன்னும் யாரும் ஒட்டலையே" என்று வருந்துகிற குடும்பங்களில் பிள்ளையிடம் குறையே இல்லை. மணி சேரவில்லை, அவ்வளவுதான்.

இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, வகுப்புகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நீச்சல், ஓவியம், இசை, சதுரங்கம் என்று வாரத்தில் ஐந்து வகுப்பு. பிள்ளை தினமும் வெளியே போகிறது, நிறையப் பிள்ளைகளைப் பார்க்கிறது, ஆனால் ஒருவர் பெயரும் தெரியாது. காரணம் எளிது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியரைப் பார்த்து நிற்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. பழக்கம் உண்டாவது வகுப்புக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் பத்து நிமிஷத்திலும், முடிந்தபின் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் சுற்றும் அரைமணியிலும்தான். ஆகவே ஐந்து வகுப்பை இரண்டாகக் குறைத்துவிட்டு, அந்த இரண்டுக்கும் பதினைந்து நிமிஷம் முன்னதாகப் போங்கள், முடிந்தபின் அரைமணி அங்கேயே இருங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்கு ஓடினால் செலவழித்த பணத்தில் பாதி வீண்.

சொந்தமாகச் சந்திப்பு ஒன்றைத் தொடங்குவது நினைப்பதைவிடச் சுலபம், ஆனால் பொறுமை வேண்டும். ஒரு திடல் அல்லது பூங்கா, கழிப்பறையும் நிழலும் அருகில் இருக்க வேண்டும். ஒரு கிழமை, ஒரு நேரம். மழை வந்தால் எங்கே என்பதையும் அன்றே முடிவுசெய்து சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முதல் மழையோடு குழு கலைந்துவிடும். முதல் எட்டு வாரம் யார் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் போயே தீர வேண்டும். மூன்றாவது வாரம் யாருமே வரமாட்டார்கள், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். அன்று நீங்களும் போகாமல் விட்டால், நான்காவது வாரம் தயங்கித் தயங்கி வரும் புதுக் குடும்பம் வெறும் திடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும், மறுபடி வராது. முந்தின நாள் மாலை ஒரே ஒரு வரிச் செய்தி அனுப்புங்கள்: "நாளைக்கு பத்து மணிக்கு அங்கே இருப்போம்." "யாரெல்லாம் வர்றீங்க?" என்று கேட்காதீர்கள். கேட்டால் எல்லோரும் மற்றவர் பதிலுக்குக் காத்திருப்பார்கள். நான்கைந்து குடும்பம் நிலையாக வந்தால் போதும். பத்தைத் தாண்டினால் பெரியவர்கள் தனிக் கூட்டமாகப் பேசத் தொடங்கி, பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல் போகும்.

நேரம் எவ்வளவு? இரண்டரை மணிக்குக் குறையக் கூடாது. ஒரு சந்திப்பின் முதல் அரைமணியைக் கூர்ந்து பார்த்தால் ஏன் என்று புரியும். நாலு பிள்ளைகள் மண்ணைத் தோண்டி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக வந்த பிள்ளை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. பத்து நிமிஷம் கழித்து முந்தானையை விட்டு இரண்டடி முன்னால் வருகிறது. அப்புறம் தனியாக, அவர்களுக்குப் பக்கத்தில், தானும் ஒரு குச்சியால் தோண்டுகிறது, பேசுவதில்லை. நாற்பதாவது நிமிஷத்தில் யாரோ "தண்ணி இந்தப் பக்கம் விடு" என்கிறார்கள், அது விடுகிறது. ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே சிறு பிள்ளைகளின் விளையாட்டைக் கவனித்து, தனியாக ஆடுவது, நின்று பார்ப்பது, பக்கத்தில் இருந்தபடி தனித்தனியே ஆடுவது, கலந்து ஆடுவது, கூட்டாகச் சேர்ந்து ஆடுவது என்றெல்லாம் வகைப்படுத்திவிட்டார். நின்று பார்ப்பதும் அந்த வரிசையில் ஒன்று. "போ, போய் விளையாடு" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினால் பிள்ளை திரும்ப முந்தானைக்கே வந்துவிடும். ஒரு மணி நேரச் சந்திப்பு என்றால், குச்சியை எடுத்த நேரத்தில் கிளம்பச் சொல்லிவிடுகிறோம்.

எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சும்மா கூடுவது மட்டும் போதாது, சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும். முதல் இருபது நிமிஷம் ஒரு கயிறு, ஒரு பந்து, ஒரு புதிர் என்று எதையாவது நடுவில் வையுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். பதின்ம வயதினருக்கு இது இன்னும் முக்கியம். "நட்புக்காக" என்று அழைத்தால் அவர்கள் வரவே மாட்டார்கள். நாடகம் போட, பாட்டுக்குழு சேர்க்க, சைக்கிள் பழுதுபார்க்க, ஒரு போட்டிக்கு அணியாகப் போக என்றால் வருவார்கள், நட்பு அதன் ஓரமாக வளரும். தன் வயதுக்காரர் மட்டுமே வேண்டும் என்றும் இல்லை. பதினாலு வயதுப் பிள்ளை நூலகத்தில் வாரம் இரண்டு மணி நேரம் புத்தகம் அடுக்க உதவினால், பெரியவர்களிடம் நிமிர்ந்து பேசப் பழகிவிடும். இந்த ஒன்று வீட்டுக்கல்வியில் உண்மையிலேயே சுலபமாகக் கிடைக்கிறது, கைநழுவ விடாதீர்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுச் சிநேகிதர்கள் மாலையிலும் விடுமுறையிலும்தான் கிடைப்பார்கள். காலையில் சோம்பிவிட்டு மாலையில் பாடத்தை வைத்துக்கொள்ளும் வீடுகளில், தெருவே விளையாடும் நேரத்தில் ஹோம்ஸ்கூல் பிள்ளை மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கும். பாடத்தை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். மாலை முழுக்கக் காலியாக இருக்கட்டும்.

முடியுமா என்றால், தாராளமாக முடியும். ஆறேழு வயதுக்கு உட்கார்ந்து படிக்கும் நேரம் நாளுக்கு ஒரு மணி போதும். ஒன்பது பத்து வயதுக்கு இரண்டிலிருந்து இரண்டரை மணி. பதின்ம வயதுக்கு மூன்று நான்கு. வருகைப்பதிவு, வரிசை, முப்பது நோட்டுத் திருத்தம் எதுவும் வீட்டில் இல்லாததால் நேரம் சுருங்குகிறது. காலை எட்டு முதல் மூன்று வரை மணியடித்து வீட்டையே பள்ளிக்கூடமாக்குகிறவர்கள் ஆறாவது வாரத்துக்குள் களைத்துவிடுகிறார்கள். மணிக்கணக்கு அட்டவணைக்குப் பதில் நாளில் மூன்று முளைகளை மட்டும் அடியுங்கள்: காலைச் சாப்பாட்டுக்குப் பின் கணக்கும் எழுத்தும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் வீடு முழுக்க அமைதி, மாலையில் வெளியே. அந்த அமைதி நேரம் பிள்ளைக்காக மட்டுமில்லை. பகல் முழுக்கப் பேச்சுக்குப் பதில் சொல்லும் பெரியவருக்கு அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் மாலையில் திடலுக்குக் கிளம்பவே தெம்பிருக்காது. கைக்குழந்தை இருந்தால் கணக்கை அது தூங்கும் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். மற்றப் பாடங்களை அது மடியில் இருக்கும்போதும் நடத்திவிடலாம், கணக்கை நடத்த முடியாது.

பள்ளியிலிருந்து இடையில் நிறுத்திய பிள்ளை என்றால் உடனே பாடத்தில் இறங்காதீர்கள். பள்ளியில் படித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதம் ஆற விட வேண்டும் என்பது ஹோம்ஸ்கூல் குடும்பங்களிடையே புழங்கும் தோராயக் கணக்கு. அந்த மாதங்களில் பாடத்தை நிறுத்தலாம், சந்திப்பை நிறுத்தக் கூடாது. பழைய வகுப்புத் தோழர்களில் இரண்டு பேரையாவது பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தானாகப் போன் செய்யாது, பெரியவர்கள்தான் அவர்கள் வீட்டாரிடம் பேசி நாள் குறிக்க வேண்டும். மூன்று மாதம் விட்டால் அந்த நூல் அறுந்துவிடும். நிறுத்துவதற்கு முன்னால் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் பள்ளி வருகை கட்டாயம், வீட்டுக்கல்விக்கு இடமே இல்லை. அனுமதி உள்ள இடங்களிலும் முறை வேறுபடும். எதைச் செய்தாலும் எழுத்தில் கொடுத்து, நகல் வாங்கி வையுங்கள்.

சின்னக் குழுவில் ஒரு ஆபத்து உண்டு. வகுப்பில் ஒருவரோடு சண்டை என்றால் பக்கத்து பெஞ்சில் இன்னொருவர் இருப்பார். ஐந்து குடும்பக் குழுவில் இரண்டு பிள்ளைகள் முறைத்துக்கொண்டால் பெற்றோரும் முறைத்துக்கொள்வார்கள், மொத்தமும் சிதறும். அதனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வட்டம் வேண்டும் என்கிறேன்: ஒன்று ஹோம்ஸ்கூல் குழு, இன்னொன்று தெரு, விளையாட்டு அணி, பாட்டு வகுப்பு, எதுவாகவும் இருக்கலாம். எந்தக் குழுவானாலும் பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு தனியாக இருக்கும்படி விடாதீர்கள், எப்போதும் இரண்டு பேர். நாளும் இடமும் போட்டுப் பிள்ளைகள் படத்தைப் பொதுவில் பகிர்வதையும் முதல் நாளே வேண்டாம் என்று பேசிவிடுங்கள்.

பிள்ளைக்கு ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்து வையுங்கள். பகல் பதினொரு மணிக்கு வெளியே பார்த்தால் யாராவது கேட்பார்கள். "நான் வீட்டிலேயே படிக்கிறேன்" என்று நிதானமாகச் சொல்லத் தெரிந்தால் போதும். விருந்துக்கு வந்த பெரியப்பாவும் அத்தையும் பதினேழாம் வாய்ப்பாடு கேட்டு நிறுத்தும்போது மட்டும் நீங்கள் குறுக்கே போங்கள்: "அவ இப்ப என்ன செஞ்சுட்டு இருக்கான்னு கேளுங்க, காட்டுவா." பரீட்சை அங்கேயே பேச்சாக மாறிவிடும்.

கடைசியாக ஒரு நோட்டு. இரவில் ஐந்து நிமிஷம், ஒரு நாளுக்கு மூன்று வரி: என்ன படித்தது, எங்கே போனது, யாரோடு இருந்தது. முதல் இரண்டை எல்லோரும் எழுதுகிறார்கள், மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். பெயரோடு எழுதுங்கள், "பிள்ளைகளோடு" என்று எழுதாதீர்கள். மாதக் கடைசியில் அந்த மூன்றாம் வரிகளை மட்டும் விரலால் தடவிப் படியுங்கள். வீட்டுக்கு வெளியே உள்ள ஒரே பெயர் நாலு தடவையாவது வந்திருந்தால் அந்தக் கிழமையைத் தொடாதீர்கள். வேறு வேறு பெயர்கள் ஒவ்வொரு தடவை மட்டும் வந்திருந்தால், அடுத்த மாதம் புதிதாக எதிலும் சேர்க்காமல், அந்தப் பெயர்களில் இருந்து இரண்டு வீட்டாரை எடுத்துப் பேசி ஒரு கிழமையைக் குறியுங்கள்.