கிளாடின் மட்டும் போதாது

தோல், குடல் போன்றவற்றின் பரப்பை மூடியிருக்கும் எபிதீலியச் செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைப்பது கிளாடின் புரதம் என்று உங்கள் கட்டுரை முடித்துவிட்டது. சரி, ஆனால் பாதிக் கதைதான். அந்தக் கிளாடினை உரிய இடத்தில் வரிசையாக நிறுத்துவது யார்? செல் சவ்வின் உட்புறத்தை ஒட்டியிருக்கும் இசட்ஓ-1, இசட்ஓ-2 என்ற சாரப் (scaffold) புரதங்கள். இசட்ஓ-1 பற்றி 1986லேயே தெரியும். கிளாடின் வெளிச்சத்துக்கு வந்ததோ 1998இல். இசட்ஓ-1 ஒரு பக்கம் கிளாடினின் வாலைப் பிடித்துக்கொள்கிறது, மறுபக்கம் செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகளைப் பற்றிக்கொள்கிறது. இந்த இரண்டு சாரப் புரதங்களும் சேர்ந்து இல்லாமல் போன செல்களில், கிளாடின் இருந்தும் இடைவெளியை அடைக்கும் இணைப்புகளான இறுக்கச் சந்திகள் உருவாகவில்லை. ஒன்று மட்டும் இல்லையென்றால் மற்றது பெரும்பாலும் சமாளித்துவிடும்.

'சாரம்' என்ற பெயரும் கொஞ்சம் ஏமாற்றும். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவோம். இது கூடவே இருந்து தாங்குகிறது.

அப்புறம் கட்டுரையில் உள்ள அந்தப் படம். செல்களின் இடைவெளியைச் சிமெண்ட் பூசியதுபோல் முழுசாக அடைத்துக் காட்டியிருக்கிறீர்கள். ஆனால் கிளாடின்-2 என்ற வகை இருக்கும் இடத்தில் சோடியமும் தண்ணீரும் கடந்து போகும்.