அந்த 21 நிமிஷம்

எங்கள் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) குரூப்பில் என்னைக் கிண்டலடித்து ஒருவர் போட்ட மெசேஜின் ஸ்கிரீன்ஷாட் கேட்டு நேற்று ராத்திரியிலிருந்து இன்பாக்ஸுக்கு வருகிறவர்களுக்கு: அனுப்ப மாட்டேன். குரூப்பில் இருப்பவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும். இல்லாதவர்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும், நம் ஆட்கள் அப்படி. பேர் சொல்லப் போவதில்லை. சொன்னால் "ஒரு ஜோக்கைக்கூடத் தாங்க முடியலையா" என்பார். தாங்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொலுவுக்கு எங்கள் அபார்ட்மெண்டில் நான் வயலின் வாசித்த வீடியோ, 43 விநாடி, மோகன ராக வர்ணத்தின் ஆரம்பம் மட்டும். அதை எங்கிருந்தோ எடுத்து குரூப்பில் போட்டு, கீழே கோவா டிரையத்லானில் என் ரிசல்ட்டையும் போட்டு, "போன வருஷம் 7.31, இந்த வருஷம் 7.52. காணாமப் போன 21 நிமிஷம் வயலின் பெட்டிக்குள்ள இருக்கான்னு பாருங்க மேடம்" என்று எழுதியிருந்தார். 34 சிரிப்பு பொம்மைகள். ஆமாம், எண்ணினேன். அதில் இரண்டு பேர் என்னோடு ஒரே காரில் கோவா வந்தவர்கள்.

7 மணி 52 நிமிடம் என்பது என்ன என்று இந்தப் பக்கத்தில் இருக்கும் சங்கீதக்காரர்களுக்காகச் சொல்கிறேன். கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, கரையேறி, 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கின காலோடு 21.1 கிலோமீட்டர் ஓடுவது. கட் ஆஃப் எட்டரை மணி நேரம், அதற்குள் முடிக்காவிட்டால் நாள் முழுக்க செய்தது எதுவும் கணக்கில் வராது. எனக்கு நீச்சல் 58 நிமிடம், சைக்கிள் 3 மணி 50, ஓட்டம் 2 மணி 50, நடுவில் உடை ஷூ மாற்றியது எல்லாம் சேர்த்து 14. நான் ஓட ஆரம்பித்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. முடித்தேன். எனக்கு வயது 45. யாரையும் ஜெயிக்கப் போகவில்லை, போன வருஷத்து என்னையும் சேர்த்து.

எனக்கு ரெண்டும் வேணும். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. இதைப் புரியவைக்க ஏன் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பத்தாவது வரைக்கும் ஏழு வருஷம் வயலின் கற்றுக்கொண்டேன். பைரவி ராகத்து அட தாள வர்ணத்தை மூன்று காலமும், அதாவது மூன்று வேகத்திலும், வாசிக்கிற அளவுக்கு. ஜூன் மாதம் ஸ்கூல் திறந்ததும் அப்பா, "பப்ளிக் முடியட்டும்மா, வயலின் எங்க ஓடியா போயிடும்?" என்றார். ஓடிப்போகவில்லை. பரணிலேயே இருந்தது. அப்புறம் பன்னிரண்டாவது, இன்ஜினியரிங், வேலை, கல்யாணம், பையன். 27 வருஷம் கழித்து அம்மா வீட்டை ஒழிக்கும்போது இறக்கினோம். பெட்டியைத் திறந்தால் வில்லில் மயிரே இல்லை. ஏதோ பூச்சி தின்றுவிட்டிருந்தது, நாலைந்து இழை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பிகளைத் தாங்குகிற குதிரை சாய்ந்து கிடந்தது. கம்பியை முறுக்குகிற பிரடை இரண்டு இறுகிப்போய்த் திரும்பவே இல்லை. அடிப் பலகை ஒரு ஓரத்தில் பசை விட்டு வாய் பிளந்திருந்தது. ரிப்பேர் பண்ணுகிறவரிடம் கொண்டு போகும்போது அப்பா தானும் வருகிறேன் என்றார். ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். நான் பர்ஸை எடுக்கும் முன்னாடியே பணத்தைக் கொடுத்துவிட்டார். அது பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று ஜோக் அடித்தவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது, அதுவும் நியாயம்தான். ஆனால் தெரியாத பெட்டிக்குள் கை விடாமல் இருக்கலாம் அல்லவா?

"அவர் நல்லதுக்குத்தானே சொன்னார், ட்ரைனிங் குறைஞ்சது உண்மைதானே" என்று ஒரு தோழி போன் பண்ணினாள். உண்மைதான். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரமாக இருந்தது ஒன்பதாகிவிட்டது. சனிக்கிழமை சைக்கிளில் திருவான்மியூரிலிருந்து மகாபலிபுரம் போய்த் திரும்பினால் தொண்ணூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். இப்போது பாதி சனிக்கிழமைகளில் நடுவழியில் முட்டுக்காட்டிலேயே திரும்பிவிடுகிறேன், ஏனென்றால் பத்து மணிக்கு டீச்சர் வீட்டில் இருக்க வேண்டும். 21 நிமிஷம் எங்கே போயிற்று என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். தொலைக்கவில்லை, கொடுத்துவிட்டு வந்தேன். தொலைத்ததற்கும் கொடுத்ததற்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் நான் என்ன பேசுவது?

சங்கீதப் பக்கத்து ஆட்கள் ரொம்ப நல்லவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கேயும் இருக்கிறார்கள். "சாதகம் பண்ணிப் பழகறதுன்னா தவம். இவங்க டிரவுசர் மாட்டிக்கிட்டு சைக்கிள்ல சுத்திட்டு வந்து அரை மணி நேரம் வில்லைத் தேச்சா வந்துடுமா?" இதை நேரில் சொல்லவில்லை, ஆனால் என் காதில் விழும்படி சொன்னார்கள். இதற்கு நான் கோபப்படவில்லை. ஏனென்றால் இதில் விஷயம் இருக்கிறது.

சைக்கிளில் மூன்று மணி நேரம் ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனால் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும். உள்ளங்கையின் ஓரத்தில் ஒரு நரம்பு அமுங்குகிறது. சைக்கிள்காரர்களுக்கு இது சகஜம், கையை உதறிக்கொண்டு போவார்கள். நான் அந்த இடது கையோடு பத்து மணிக்கு டீச்சர் முன்னால் உட்கார்ந்து காந்தார ஸ்வரத்தில் கமகம், அந்த அசைவு, பிடிக்க வேண்டும். விரல் கம்பியில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. நீச்சல் நாளில் வேறு கதை. ஒரு மணி நேரம் குளோரின் தண்ணீரில் கிடந்தால் விரல் நுனி ஊறி வெள்ளையாகிவிடும். மாதக்கணக்கில் காய்த்த தோல் சாயங்காலம் பட்டை பட்டையாக உரியும். அன்றைக்கு மேல் பஞ்சமக் கம்பியைத் தொட்டால் அரிவாள்மணையைத் தொட்ட மாதிரி. உட்காருவது எல்லாவற்றையும் விட மோசம். நம் வயலினுக்குச் சம்மணம் போட்டு, வலது காலைக் கொஞ்சம் முன்னால் விட்டு, கணுக்கால் மேல் வயலினின் தலையைச் சாய்க்க வேண்டும். சைக்கிள் மிதித்த இடுப்பு மடங்கவே மடங்காது. முதல் மாதம் நான் தவித்ததைப் பார்த்து டீச்சர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து எனக்கு அடியில் தள்ளினார். அந்தத் தலையணை இப்போது எனக்கென்று அங்கேயே இருக்கிறது.

ஆக, ஒன்று மற்றொன்றைக் கெடுக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். கெடுத்தாலும் எனக்கு ரெண்டும் வேணும்.

"சைக்கிள், ஷூ, என்ட்ரி ஃபீஸ், இதெல்லாம் வசதி உள்ளவங்க விளையாட்டு" என்று ஒருவர் கமெண்ட் போடுவார். சரி, உண்மை. என் சைக்கிள் செகண்ட் ஹேண்ட் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. அடுத்தது.

"ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்" என்று மாமனார் வீட்டில் ஒரு பெரியவர் சொன்னார். நான் செய்கிற விளையாட்டே ஆற்றில் ஒரு கால், ரோட்டில் ஒரு கால்தான் மாமா. இந்த விளையாட்டின் பெரிய போட்டியான அயர்ன்மேன் 1978-இல் ஹவாயில் முதல்முதலாக நடந்ததே நீச்சல்காரன் பெரியவனா, சைக்கிள்காரனா, ஓட்டக்காரனா என்று எழுந்த வாக்குவாதத்தில். ஆரம்பித்தவர் ஒரு கடற்படை அதிகாரி. கிளம்பியது 15 பேர், முடித்தது 12 பேர். இரண்டாவதாக வந்தவருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோய் கூட வந்தவர்கள் பீர் கொடுத்தார்களாம். இதுதான் எங்கள் குரூப் ஆட்கள் இன்றைக்கு மிதிக்கிற சக்தியை அளக்கும் வாட்ஸ் மீட்டரும் ஜெல் பாக்கெட்டுமாக வணங்குகிற விளையாட்டின் தல புராணம். வயலின் மட்டும் என்ன, ஆதியிலிருந்தே நம் மடியில் உட்கார்ந்திருந்ததா? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் வாத்தியத்தைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசித்ததைத் தரையில் உட்காரவைத்தார்கள். அன்றைக்கும் யாராவது ஒரு சீனியர் "இதெல்லாம் சரிப்படுமா" என்று கேட்டிருப்பார். அவர் பேர் நமக்குத் தெரியவில்லை.

இன்னொரு கேள்வி, இது நல்ல எண்ணத்தில் வருவது: "பாட்டுதானே பிடிக்கும், காதுல மாட்டிக்கிட்டு ஓடலாமே?" முடியாது. போட்டியில் இயர்ஃபோன் தடை, மாட்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். எட்டு மணி நேரம் மண்டைக்குள் ஓடுவதுதான். எனக்குள் தாளம் ஓடும். கடலில் மூன்று கை வீச்சுக்கு ஒரு மூச்சு, தகிட தகிட. ஓட்டத்தில் மூன்று அடிக்கு மூச்சு இழுத்து இரண்டு அடிக்கு விடுவது, தகிட தக, தகிட தக. ஐந்து என்பது ஒற்றைப்படை ஆனதால் மூச்சை விடுகிற கால் மாறி மாறி வரும், ஒரே பக்கம் குத்து விழாது. கோவாவில் பதினாறாவது கிலோமீட்டர் வரைக்கும் இந்த ஐந்தெண்ணிக்கைக் கண்ட நடையில்தான் போனேன். அப்புறம் தாளம் நழுவிவிட்டது. நடந்தேன். தண்ணீர் கொடுத்த சின்னப் பையன் "கமான் ஆன்ட்டி" என்றான்.

உடனே "பார்த்தீங்களா, அப்போ சங்கீதம் ட்ரைனிங்குக்கு உதவுதுன்னு சொல்லுங்க, அப்படி எழுதுங்க, பாசிட்டிவா இருக்கும்" என்று வருவார்கள். இல்லை. உதவுகிறது என்பதற்காக நான் வாசிக்கவில்லை. ஐயா, அது புரோட்டீன் பவுடர் இல்லை. ஆமாம், மேலே நான்தான் தாளம் பற்றி அவ்வளவு எழுதினேன். உதவாவிட்டாலும் வாசிப்பேன். 21 நிமிஷம் 41 ஆனாலும் வாசிப்பேன். வாசிப்பு மோசமானாலும் ஓடுவேன். எதையாவது ஒன்றைச் சாக்காகச் சொல்லித்தான் இன்னொன்றைச் செய்ய வேண்டும் என்று யார் எழுதி வைத்தது?

இங்கே ஒன்று கேட்கிறேன். அதே குரூப்பில் ஒருவர் வார இறுதியில் கிரிக்கெட் ஆடுகிறார், போன வருஷத்தை விட 40 நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டார். பேட்டுக்குள் தேடச் சொல்லி யாரும் எழுதவில்லை. இன்னொருவர் புது கம்பெனி ஆரம்பித்துப் பாதி ட்ரைனிங்கை விட்டார். "கிரேட் சார், எப்படி சார் மேனேஜ் பண்றீங்க" என்று நூறு பேர் கேட்டார்கள். என்னிடமும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஆனால் என்னிடம் கேட்கும்போது அதற்கு அர்த்தம், வீட்டில் சமையல் யார் என்பது. சமையல் நான் பாதி, கணவர் பாதி. பையன் முட்டை நன்றாகவே பொரிப்பான். போதுமா?

ராத்திரி ஒன்பதரைக்கு எல்லாம் கழுவி வைத்துவிட்டு, குதிரை மேல் சத்தத்தை அடக்கும் ரப்பர் ம்யூட்டைச் செருகிக்கொண்டு முக்கால் மணி நேரம் வாசிக்கிறேன். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, அதனால் ம்யூட். வயலின் மூக்கடைத்தவர் பேசுகிற மாதிரி கேட்கும். மறுநாள் நாலரைக்கு அலாரம். இந்த முக்கால் மணி நேரத்தில் யாரும் எனக்கு டைமிங் போடுவதில்லை. ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசையைப் பத்து தடவை தப்பாக வாசித்தால் பதினோராவது தடவை திரும்ப வாசிக்கலாம். கட் ஆஃப் கிடையாது.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. பையன் இந்த வருஷம் பத்தாவது. ஜூனில் கீபோர்ட் கிளாஸுக்குப் பணம் கட்டும் நேரம் வந்தபோது, "ஒரு வருஷம்தானேடா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னேன். நான்தான் சொன்னேன். அப்பாவின் அதே குரலில். அவன் "சரிம்மா" என்றான். அவ்வளவு சுலபமாகச் சரி என்றதுதான் இப்போது உறுத்துகிறது. நேற்று அந்த 34 சிரிப்பையும் பார்த்துவிட்டு அவன் அறைக்குப் போனேன். கீபோர்ட் அலமாரி மேல் இருந்தது, அதன் மேல் அவனுடைய கைடு புத்தகங்கள். "இறக்கி வைக்கட்டுமா" என்று கேட்டேன். "டெஸ்ட் முடியட்டும்மா" என்றான்.

யார் மேல் கோபம் என்று எனக்கே இப்போது குழம்புகிறது. ஆனாலும் ஜோக் அடித்தவர் மேலும் இருக்கிறது, அது குறையவில்லை.

அடுத்த வருஷத்துக்கும் பணம் கட்டிவிட்டேன். மார்கழியில் டீச்சர் வீட்டில் மாணவர்கள் எல்லாரும் வாசிக்கிறோம், எனக்குப் பத்து நிமிடம், பைரவி வர்ணம், இரண்டு காலம் மட்டும். மூன்றாம் காலம் இன்னும் வரவில்லை. கேட்க வருகிறவர்கள் வரலாம், டிக்கெட் இல்லை, காபி உண்டு.

குரூப்பை விட்டுப் போய்விட்டேனா என்று கேட்கிறவர்களுக்கு: போகவில்லை. சனிக்கிழமை யார் யார் ஈசிஆர் (மகாபலிபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலை) வருகிறார்கள் என்று எனக்கும் தெரிய வேண்டும், தனியாக இருட்டில் ஓட்ட முடியாது. ம்யூட் போட்டிருக்கிறேன். அவர் அந்த மெசேஜை இன்னும் எடுக்கவில்லை. இதை எழுதுவதற்கு நடுவில் மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டேன். சிரிப்பு 36 ஆகியிருக்கிறது.