இறந்த உடலின் ஆற்றல் செடிக்குத் திரும்புகிறதா?

"சிங்கம் செத்து மண்ணாகிறது. அதன் ஆற்றலைப் புல் உறிஞ்சுகிறது, புல்லை மான் தின்கிறது. ஆற்றல் இப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது." வட்டப் படம் ஒன்றுடன் பகிரப்படும் இந்தச் செய்தி பாதிதான் சரி. சுற்றுபவை நைட்ரஜன், பாஸ்பரஸ், கார்பன் போன்ற பொருள்கள். ஆற்றல் சுற்றுவதில்லை.

ஒரு கம்பளிப்புழு 200 ஜூல் அளவுக்கு இலை தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 100 ஜூல் செரிக்காமல் எச்சமாக வெளியேறிவிடும். இன்னொரு 67 ஜூல் சுவாசத்தில் செலவாகி வெப்பமாகிவிடும். மிச்சமுள்ள 33 ஜூல்தான் புழுவின் உடலாகிறது. அதைக் கொத்தும் பறவைக்கு அவ்வளவுதான்.

சரி, அந்த எச்சம் என்னவாகிறது? பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்கின்றன. அவையும் சுவாசிக்கின்றன. நன்றாக மக்கும் உரக்குவியலின் உட்பகுதி 60 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு, கையை விட்டால் சுட்டுவிடும். காணாமல் போன ஆற்றல் அந்தச் சூடுதான். கடைசியில் அது அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்குப் போய்விடும். அதைப் பிடித்துச் சர்க்கரையாக்க எந்தச் செடியாலும் முடியாது. வேர் எடுப்பது நீரும் தாது உப்புகளும்தான் (ஒட்டுண்ணிச் செடிகளின் கதை வேறு). ஆற்றல் வெயிலிலிருந்து புதிதாகத்தான் வர வேண்டும்.

அப்புறம், "உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் சரியாக 10% ஆற்றல்தான் அடுத்த படிக்குப் போகும்" என்று சொல்வதும் தவறு. அது தோராயக் கணக்கு. அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டெமனின், 1942-இல் வெளிவந்த மினசோட்டா ஏரி ஆய்விலேயே விகிதம் படிக்குப் படி மாறியது.